சிங்காரி மேய்ந்த கிளை

சிங்காரி, சிறுமி சின்னம்மை வளர்க்கும் ஆடு. மார்கழி மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் அது பக்கத்து வீட்டுத் தோட்டத்துக்குள் புகுந்தது. பாப்பம்மாளின் பிளம்ஸ் மரத்தில் வாய்க்கு எட்டிய கிளையை மொட்டையடித்துவிட்டுத்தான் திரும்பியது.

பாப்பம்மாள் வாசலுக்கே வந்துவிட்டார்.

“ஏனுங்க, இந்த வருசம் உறைபனியே விழுகல. பனி விழுந்தாத்தான் இலை உதிர்ந்து மரம் தூங்கும். தூங்கி எந்திரிச்சாத்தான் பூக்கும். காய்க்குமான்னே தெரியாம நானிருக்கறேன், இதுல உங்க ஆடு வேற.”

சின்னம்மையின் அப்பாவுக்கு அவமானமாகப் போய்விட்டது. இலங்கையிலிருந்து எமரால்டு என்ற இந்த மலையூருக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் கெட்ட பெயரா?

“பொங்கல் கழிச்சுச் சந்தையில வித்துடுறேங்க,” என்றார்.

சின்னம்மைக்கு அழுகை முட்டியது. இந்த ஊரில் அவளுக்குக் கிடைத்த முதல் சிநேகிதி சிங்காரிதான்.

செய்த தப்புக்கு ஆடு வந்து தண்ணீர் சுமக்குமா? அதனால் அவளே தினமும் பள்ளி விட்டதும் ஒரு குடம் தண்ணீரை மரத்தடியில் ஊற்றினாள். பாப்பம்மாள் தடுக்கவில்லை.

பொங்கலுக்கு மறுநாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். ஆடு கடித்த கிளை முழுக்கக் குட்டிக் குட்டி வெள்ளை அரும்புகள். மற்றக் கிளைகளில் பழைய இலைகள் அப்படியே இருந்தன.

“நீ ஊத்துன தண்ணிதான் கண்ணு,” என்றார் பாப்பம்மாள்.

“தண்ணி எல்லாக் கிளைக்கும்தானே பெரியம்மா போகும்?” சின்னம்மை யோசித்தாள். “பனி வந்து இலையை உதிர்க்கல. அந்த வேலையைச் சிங்காரி செஞ்சிருக்கு. மிச்ச இலையையும் நாம கிள்ளிப் பார்ப்போமா?”

பாப்பம்மாள் ஏணியைக் கொண்டுவந்து சாத்தினார்.

எஸ்டேட் வேலை முடிந்து வந்த அம்மாவும் சேர்ந்துகொண்டார். தேயிலை பறித்துப் பழகிய கை அல்லவா, இலைகள் சரசரவென்று விழுந்தன.

“இத்தனை வருசமா கொழுந்தை மட்டும் கிள்ளுன்னுதான் கங்காணிங்க சொன்னாங்க. முத்தல் இலையைக் கிள்ளச் சொன்ன முதல் கங்காணி என் மகதான்,” என்று அம்மா சிரித்தார்.

பாப்பம்மாள் சின்னம்மையின் அப்பாவிடம் போனார். “சந்தைக்கு அவசரமில்லீங்க. மரம் பூக்குதான்னு பாத்துக்கலாம்.”

மாசியில் மரம் முழுக்க வெள்ளையாய்ப் பூத்தது. அதற்குப் பிறகு சந்தையைப் பற்றி யாரும் பேசவில்லை.

அடுத்த மார்கழியிலும் உறைபனி விழவில்லை. ஒரு நாள் காலையில் பாப்பம்மாள் மறுபடியும் வாசலில் வந்து நின்றார்.

“ஏங்கண்ணு, சிங்காரிக்குப் பசிக்குதான்னு கேளு.”