நாலடி குறைகிறது

மூன்றாவது தடவையும் நாலடி குறைந்தது. வெளியே அளந்தால் அறுபத்துநாலு. உள்ளே அறைகளையும் சுவர்களின் தடிப்பையும் கூட்டினால் அறுபது. தனுஜா குறிப்புப் புத்தகத்தை மூடிவிட்டுத் திரும்பத் திறந்தாள். எண்கள் மாறவில்லை.

பன்விலைக்கு மேலே, தேயிலை மலையோடு ஒட்டி நிற்கும் பழைய கருங்கல் பங்களா. ஹோட்டலாக்கப் போகிறார்கள். வரைபடம் இன்றைக்கே கண்டி ஒபிசுக்குப் போகாவிட்டால் அவளுடைய வேலை நிரந்தரமாகாது. "கெம்பஸ் போன பிள்ளைக்குக் கூட்டத் தெரியாதா?" என்று அவளுடைய மேலதிகாரி தினுஷன் சேர் காலையில் எல்லோர் முன்னாலும் கேட்டிருந்தார். தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து முதன்முதலில் படித்து வந்தவளுக்கு இது புதிதில்லை. கோபம் வரவேண்டிய இடத்தில் இப்போதெல்லாம் ஒன்றுமே வருவதில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி.

வாசலில் பித்தளைத் தகடு, இன்ன துரை கட்டியது என்று. துரை ஒரு கல்லையாவது தூக்கியிருப்பானா? தூக்கியவர்களின் அடையாளம் சாப்பாட்டு அறையின் பின்சுவரில்தான் இருந்தது. நெஞ்சளவு உயரத்தில் கல்லிடுக்கில் ஓர் ஓட்டை. அதைச் சுற்றிச் சுண்ணாம்புப் பூச்சில் பதிந்த ஐந்தாறு கைத்தடங்கள். எல்லாமே இடது கை. நம்ம ஆட்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார்கள் என்று காலையில் நினைத்தாள்.

அந்தச் சுவரில் கதவில்லை. மற்றச் சுவர்களைப்போல இரண்டடி என்று பார்க்காமலே எழுதியிருந்தாள்.

"நாலடியும் இதுக்குள்ளதான் இருக்கணும், நானா. நீங்க செவத்துக்கு அந்தப் பக்கம் ஸ்டோர் ரூமுக்குப் போங்க. நான் ஓட்டையால டேப்ப விடுறேன். வந்தா புடிங்க."

"துரைமார் சாராயம் ஒளிச்சி வச்சாங்களோ தெரியா," என்றார் அவளோடு அளக்க வந்திருந்த மேசன் மக்கீன். "போத்தல் கெடச்சா நீங்களே வச்சிக்கோங்க, மகள்."

இந்தக் கல்லுக்குள் குரல் போகாது. அதனால் காலையிலிருந்தே அவர்களுக்குள் ஓர் ஒழுங்கு: நுனியைப் பிடித்தவர் இரண்டு தரம் இழுக்க வேண்டும். பிடித்துவிட்டேன் என்று அர்த்தம். போன வாரம் கெலிஓயாவில் ஒரு டேப்பைக் கிணற்றுக்குள் தவறவிட்டு ஏச்சு வாங்கியதிலிருந்து, அவள் அதன் பட்டியை இடது மணிக்கட்டில் இறுக்கிச் சுற்றிக்கொள்வாள். வலது கை எழுதுவதற்கு.

பகல் மூன்று மணிக்கே பனி இறங்கி ஜன்னல்களை வெள்ளையாய் அடைத்திருந்தது. வௌவால் எச்சமும் ஊறிய சாம்பலும் கலந்த வாடை புகைபோக்கிக்குள்ளிருந்து மூச்சுவிடுவதுபோல வந்து வந்து போக, இரும்பு டேப் கல்லை உரசிக்கொண்டு சர்சர்ரென்று உள்ளே போனது. இரண்டடியில் உரசல் நின்றது. அதற்கப்பால் வெறுமை. நாலு. ஐந்து.

ஆறடியில் நின்றது. இரண்டு இழுப்பு.

ஆறு. சுவர் இரண்டு, காணாமல் போனது நாலு. கூட்டல் சரி. அவள் எழுதினாள். கூட்டத் தெரியும் சேர், என்று நினைத்துக்கொண்டாள்.

"மகள்."

குரல் பின்னாலிருந்து வந்தது. மக்கீன் நானா வாசற்படியில் நின்றார். இரண்டு கையிலும் ஒன்றுமில்லை.

"அந்தப் பக்கம் ஓட்டையே இல்ல, மகள். வெறும் கல்லுதான்."

டேப் இன்னும் விறைப்பாகத்தான் இருந்தது.

பிறகு நகர்ந்தது.

ஏழு. ஒன்பது. பன்னிரண்டு. ஸ்டோர் ரூமைத் தாண்டியிருக்க வேண்டும். முற்றத்தையும். அதற்கப்பால் மலைதான்.

"பட்டிய கழட்டுங்க. மகள், பட்டிய."

கேட்டது. ஆனால் வலது கை பட்டிக்குப் போகவில்லை. எழுதிக்கொண்டிருந்தது. பதினைந்து. பத்தொன்பது. இருபத்திரண்டு. ஒன்றின் கீழ் ஒன்றாக, ஒழுங்காக.

இருபத்தைந்து.

டேப் முடிந்தது. பட்டி இறுகியது. மணிக்கட்டு ஓட்டையோடு போய் ஒட்டியது. உள்ளங்கை சுவரில் விரிந்தது, மற்றக் கைகளுக்குப் பக்கத்தில், காலியாக இருந்த இடத்தில்.

நூற்றைம்பது வருடத்துச் சுண்ணாம்பு. ஈரமாக இருந்தது. விரல்களுக்கிடையில் குளிர்ந்து, மெதுவாகப் பிதுங்கியது.

இரண்டு இழுப்பு.