எண்பத்திரண்டுக்கு மேல்

அன்று விடியற்காலையில் டெல்சி செய்த கடைசிச் சாதாரண வேலை, கழற்றி வைத்திருந்த சார்ஜர் வயரை மறுபடியும் சக்கரத்தில் செருகி, அதன் முனையிலிருந்த இரும்பு வளையத்தைத் திருகி இறுக்கியதுதான். பிறகு அவள் தேங்காய் துருவப் போனாள்.

கழற்றி வைத்தவன் அவள் புருஷன் மிலான். நாலரைக்கு எழும்புவான். சக்கரத்தின் தலையில் இருக்கும் சின்னத் திரையில் சார்ஜ் எண்பத்திரண்டு சதவீதம் என்று கண்டால், வளையத்தைத் திருகிக் கழற்றுவான். சுவிட்சைத் தட்டி அணைப்பான். வயரை மூன்று சுற்றாகச் சுருட்டிச் சுவரோரம் வைத்துவிட்டுக் குளிக்கப் போவான். ஒரு நாளும் மாறியதில்லை.

டுபாயில் ஐந்து வருஷம் லிஃப்ட் பழுது பார்த்துவிட்டு வந்தவன் அவன். மற்றவர்கள் ஃப்ரிட்ஜோடு வந்து இறங்க, அவன் ஒற்றைச் சக்கரத்தோடு வந்து இறங்கினான். ஹேண்டில் கிடையாது, சீட் கிடையாது. நாற்பது கிலோ கனத்தில் ஒரு டயர், அதன் இரு பக்கமும் கால் வைக்க இரண்டு தட்டு. முன்னால் சாய்ந்தால் ஓடும், பின்னால் சாய்ந்தால் நிற்கும். காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் பதியும் பெரட்டுக்களத்தில் இரண்டு வாரம் விழுந்து எழும்பிப் பழகினான். அதன்பிறகு தோட்டத்து மேல்கணக்கில் வரிசை வீடுகளாக இருந்த லயத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் கீழே இருக்கும் தேயிலை ஃபெக்டரிக்கு, அங்கே எலெக்ட்ரீஷியன் வேலைக்கு, தினமும் அதில்தான் போய்வந்தான். ரோடு தேயிலைச் செடிகளுக்குள் மறைந்துவிடும். பனிமூட்டத்தில் பார்த்தால் ஒரு மஞ்சள் ரெயின்கோட்டும் ஹெல்மெட்டும் மட்டும், இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாமல், செடிகளுக்கு மேலே வழுக்கிக்கொண்டு போகும்.

"உசுரோட இருக்கும்போதே பேய் மாதிரி போறாரு பாரு ஒம் புருஷன்" என்பாள் பக்கத்து வீட்டு நாகலெட்சுமி. "கொழுந்து எடுக்கயில ஒரு நாளு கூடையப் போட்டுட்டு ஓடியே போயிட்டேன்!"

"ஏங்க இத முழுசா நெரப்பவே மாட்டேங்கிறீங்க?" என்று டெல்சி ஒருமுறை கேட்டாள்.

"நெறஞ்சா எறங்குறப்ப மொரண்டு பிடிக்கும். எண்பத்திரண்டுல கெளம்புனா ஃபெக்டரிக்கிட்ட எண்பத்தேழு. மலை நமக்குச் சும்மா கரண்டு குடுக்குது டெல்சி!"

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. அந்தச் சக்கரத்தைப் பற்றி அவனிடம் நூறு சட்டங்கள் இருந்தன.

முதல் நாள் மாலை கீழ்க்கணக்குக்கும் ஃபெக்டரிக்கும் பல தடவை அலைந்ததில் பெட்டரி இறங்கிவிட்டது. கடைசி ஒரு கிலோமீட்டரும் மழையில் அதைத் தள்ளிக்கொண்டு வந்தான். அவன் தலையைத் துவட்டியபோது அவளுக்குக் கோபமும் பாவமும் சேர்ந்து வந்தன. மறுநாள் எட்டு மணியிலிருந்து கரண்ட் வெட்டு என்று வேறு சொல்லியிருந்தார்கள். அதனால்தான் அவன் குளிக்கப் போன நேரம் வயரைச் செருகினாள். பனிக்குளிருக்குத் தண்ணீர் சுட வைத்து, குளித்து, ஜெபம் சொல்லி, ரொட்டி தின்று அவன் எழும்ப ஒரு மணிநேரத்துக்கு மேல் ஆகும். திரை நூறு காட்டியதும், ஏசுவானே என்று, அவன் பார்க்குமுன் கழற்றினாள். அதே மாதிரி மூன்று சுற்றாகச் சுருட்டி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

ஒருமுறை பார்த்ததை மறுமுறை பார்க்கிற பழக்கம் மிலானுக்கு இல்லை.

ரோடு வளையும் இரண்டாவது முடக்கில் அவன் உடலைக் கண்டெடுத்தார்கள். 'அதிவேகம்' என்று ஃபெக்டரியில் எழுதிய விபத்துத் தாளில் டெல்சி கையெழுத்து வைத்தாள். தோட்டமே அதைத்தான் சொன்னது. சக்கரத்தில் மட்டும் ஒரு கீறல்கூட இல்லை.

*

பதினோரு மாதம் அது வீட்டின் முன் காம்பிராவின் மூலையில் நின்றது. கொழுந்து எடுக்கிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பிரா வேலைக்கு டெல்சி போகும்போதும் வரும்போதும் அதைச் சுற்றித்தான் நடக்க வேண்டியிருந்தது. அதை விற்றுவிட வேண்டும், அதுவும் மிலானின் வருஷப் பூசைக்கு முன்னால் விற்றுவிட வேண்டும் என்று அவள் தவித்தாள். காரணம் தர்ஷன். மிலானின் தம்பி, கொழும்பில் வேலை. ஃபோன் எடுத்தால் அவனுக்கு ஒரே பேச்சு.

"அண்ணி, அத யாருக்கும் குடுத்துறாதீங்க. பூசைக்கு வர்றப்ப நான் ஃபெக்டரி வரைக்கும் ஓட்டிக் காட்டுறேன். எங்கண்ணனுக்கு ஓட்டத் தெரியலேன்னு எவன் சொன்னான்?"

இன்னொருவனையும் அந்த முடக்கிலிருந்து தூக்கி வர அவளால் முடியாது.

கண்டியிலிருந்து துஷாந்த் என்றொருவர் வாங்கக் கேட்டார். அவரும் இந்தச் சக்கரம் ஓட்டுகிறவர். "ஒரே ஒரு தடவ நூறு வரைக்கும் ஏத்தி, தெரையப் படம் எடுத்து அனுப்புங்கக்கா. பெட்டரி நல்லா இருக்கான்னு பாத்துட்டு வந்து தூக்கிக்கிறேன்."

இவ்வளவுதானே என்று டெல்சி ஒரு சனிக்கிழமை காலையில் வயரைச் செருகி, வளையத்தை இறுக்கிவிட்டு, துணி துவைக்க, மலைத்தண்ணீர் விழும் பீலிக்கரைக்குப் போனாள். திரும்பி வந்தபோது வயர் சுவரோரம் கிடந்தது. மூன்று சுற்று.

எண்பத்திரண்டு.

"அக்கா, எங்க வீட்டுக்குள்ள வந்தீங்களா?"

"ஏன் புள்ள? ஒங்க வயரத் தொட்டு நான் கரண்டு அடிச்சுச் சாகவா?" என்றாள் நாகலெட்சுமி.

அடுத்த சனிக்கிழமை கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். எண்பத்திரண்டு. அதற்கடுத்த சனிக்கிழமை வளையத்தின் மேல் கறுப்பு டேப்பை வரிந்து சுற்றினாள். வந்து பார்த்தால் டேப் கிழியவில்லை. பொறுமையாக உரித்து, உருட்டி, சுருட்டிய வயரின் நடுவில் வைக்கப்பட்டிருந்தது. காம்பிராவில் நனைந்த ரெயின்கோட்டின் வாடை அடித்தது.

அவளுக்குப் பயத்தை விட எரிச்சல்தான் முதலில் வந்தது. உயிரோடு இருந்தபோது நூறு சட்டம். செத்த பிறகுமா?

"பெட்டரி செத்துருச்சுன்னா செத்துருச்சுன்னு சொல்லுங்கக்கா, நான் கோவிக்க மாட்டேன்" என்றார் துஷாந்த் ஃபோனில். "மூணு வாரமா ஒரு படத்துக்கு என்னைய அலைய வைக்கிறீங்க."

"நான் அலைய வைக்கலீங்க" என்றாள் டெல்சி.

வெள்ளி இரவே தர்ஷன் வந்து இறங்கிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை பூசை. சனிக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் மெழுகுதிரி வாங்கக் கொட்டகலைக்குப் போன நேரம் பார்த்து, டெல்சி வயரைச் செருகினாள். இந்த முறை எங்கும் போகவில்லை. சக்கரத்தின் முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வளையத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள்.

மூன்று மணிக்கு மூட்டம் வந்தது. கதவிடுக்கு வழியாக உள்ளே ஊர்ந்து, சீமெந்துத் தரையைத் தடவிக்கொண்டு அவள் முழங்கால் வரை வந்து நின்றது. பக்கத்து வீட்டு ரேடியோ சத்தம் தூரத்துக்குப் போனது. சார்ஜரின் விசிறி மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

எண்பது. எண்பத்தொன்று.

எண்பத்திரண்டு.

விரல்களுக்கு நடுவே வளையம் திரும்பியது.

வெடுக்கென்று அல்ல. பழகிய கை திருகுவது போல, அரைச் சுற்று, நிறுத்தி, மறுபடி அரைச் சுற்று. அவள் இறுக்கிப் பிடித்தாள். குளிர்ந்த ஏதோ ஒன்று அவள் விரல்மேல் விரல் வைத்து, அவசரமே இல்லாமல் எதிர்ப்பக்கம் திருகியது.

"விடுங்க" என்று கிசுகிசுத்தாள்.

அரைச் சுற்று.

"விடுங்கன்னு சொல்றேன்ல! ஒங்க தம்பி கெளம்புறதுக்கு முன்ன இத நான் தொலைச்சுக் கட்டணும். எனக்கு இது வேணாம்!"

அரைச் சுற்று.

"ஒனக்கு என்னதான் வேணும்? சொல்லித் தொலையேன்!"

கல்யாணமான நாளிலிருந்து ஒரு நாளும் அவள் அவனை ஒருமையில் பேசியதில்லை. வளையம் அப்படியே நின்றது. விரல்மேல் இருந்த குளிர் எடுபட்டது. அதன்பிறகு ஒரு மணிநேரம் யாரும் அவளைத் தடுக்கவில்லை. அவள் அழுதுகொண்டே பிடித்திருந்தாள்.

நூறு.

வயரைக் கழற்றித் தொங்கவிட்டாள். சுவிட்சை அணைக்கக்கூட நினைவில்லை. படம் எடுத்துக்கொண்டு பீலிக்கரைக்கு ஓடினாள். அந்த லயத்தில் ஃபோனுக்கு அங்கேதான் சிக்னல் கிடைக்கும். படம் போன கொஞ்ச நேரத்தில் துஷாந்தே கூப்பிட்டார்.

"அருமைக்கா! நாளன்னைக்கே வேனோட வர்றேன். ஆனா ஒண்ணு, நீங்க ஒசரத்துல இருக்கீங்கதானே? நூறுல வச்சுக்கிட்டு யாரையும் அங்கேருந்து எறங்க விட்டுறாதீங்க."

"ஏன்?"

"எறங்குறப்ப அது கரண்ட் உண்டாக்கும். நெறஞ்ச பெட்டரியில அதப் போட எடமில்ல. ஒண்ணு ரெண்டு முடக்கு தாங்கும், அப்புறம் ஒரேயடியா நின்னுரும். ஒத்தச்சக்கரம் நின்னா ஆளு பறக்குறதுதான். ஹலோ? மலையில இருக்கிறவங்க எண்பத்தஞ்சத் தாண்டவே மாட்டாங்கக்கா. ஒங்க ஹஸ்பண்ட் சொல்லலியா?"

டெல்சியின் காதில் அன்றைய விடியற்காலையின் தேங்காய் துருவும் சத்தம் கேட்டது.

அதற்கு மேல், லயத்துப் பக்கமிருந்து, ஒரு வருஷமாகக் கேட்காத ஒரு ரீங்காரம்.

"தர்ஷன்!"

அவள் ஓடி வந்தபோது கதவு திறந்து கிடந்தது. வாசல் இஸ்தோப்பில் மெழுகுதிரிப் பை. மூலை காலி. ரோட்டோரம் போய் நின்று கத்தினாள். மூட்டத்துக்குள் அவள் குரல் ஈரத்துணி மாதிரி விழுந்தது. கீழே, முதல் முடக்கைத் தாண்டி, தேயிலைச் செடிகளுக்கு மேலே, தர்ஷனின் சிவப்புச் சட்டை வழுக்கிக்கொண்டு போனது.

அவன் தனியாகப் போகவில்லை.

அவனுக்கு முன்னால் ஒரு மஞ்சள் ரெயின்கோட்டு. அதுவும் இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாமல், அதே வேகத்தில், ஆனால் தர்ஷனைப் பார்த்தபடி, பின்னால் பின்னால் போய்க்கொண்டிருந்தது. பெரட்டுக்களத்தில் தம்பிக்கு ஓட்டப் பழக்கியபோது மிலான் அப்படித்தான் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடப்பான்.

சக்கரம் அலறியது. பீப், பீப், பீப்.

மூட்டம் மூடியது.

சத்தம் நின்றது.

டெல்சி அவன் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. கடைசியில் கீழேயிருந்து கல்லில் டயர் உரசும் சத்தம் ஏறி வந்தது. தர்ஷன் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தான். முழங்கை சிராய்த்திருந்தது, தலையெல்லாம் தேயிலை இலை.

"என்னா வண்டி அண்ணி இது! ரெண்டாவது முடக்குக்கு முன்னயே பின்னால சாஞ்சு சாஞ்சு, மெதுவாக்கி, தேயிலைக்குள்ள ஒக்கார வச்சுருச்சு. யாரோ ரெண்டு கையையும் பிடிச்சுத் தள்ளுன மாதிரி..." அவன் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டான். இரண்டும் நீலம் பாரித்திருந்தன. "கெளம்புறப்ப நூறு இருந்துச்சு. நானே பாத்தேன். எறங்குனா ஏறணும்ல? இது கொறஞ்சிருக்கு. பாருங்க."

அவள் பார்த்தாள். எண்பத்திரண்டு.

தர்ஷன் குரலைத் தாழ்த்தினான். "அண்ணி, அன்னிக்கு அண்ணன் எவ்வளவுல கெளம்புனாரு?"

நூறு என்று சொல்லியிருக்கலாம். லயத்தில் யாருமில்லை. அவன் கோபக்காரன், ஆனால் கெட்டவனில்லை.

"எண்பத்திரண்டு" என்றாள் டெல்சி. "எப்பவும் போல."

ஆளில்லாத காம்பிராவுக்குள் சுவிட்ச் 'டக்'கென்று அணைந்தது.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தொங்கவிட்டுப் போன வயர் மூன்று சுற்றாகச் சுருண்டு, சுவரோரம் இருந்தது.

*

அது நடந்து ஐந்து மாதமாகிறது. துஷாந்திடம் சக்கரத்தை விற்கவில்லை என்று சொல்லிவிட்டாள், அவரும் நன்றாக ஏசிவிட்டு வைத்தார். தர்ஷன் அதற்குப் பிறகு சக்கரத்தைப் பற்றிப் பேசுவதில்லை. கையில் நீலம் மட்டும் இன்னும் போகவில்லை என்கிறான். ஃபெக்டரியில் அந்தத் தாள் 'அதிவேகம்' என்றே கிடக்கிறது. ஒவ்வொரு சனிக்கிழமையும், இன்றைக்காவது நாகலெட்சுமியிடமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் டெல்சி கதவைத் திறந்து வைக்கிறாள். நாகலெட்சுமியும் வருகிறாள், தேத்தண்ணி குடிக்கிறாள், போகிறாள்.

அவள் போன பிறகு டெல்சி ஈரத்துணியால் சக்கரத்தைத் துடைத்து, தலையிலிருக்கும் பொத்தானை அழுத்திப் பார்ப்பாள். அன்றைக்குப் பிறகு யாரும் அதை ஓட்டவில்லை, யாரும் சார்ஜ் போடவில்லை. சும்மா நின்றாலே பெட்டரி நாளுக்கு நாள் இறங்கும் என்று மிலான் சொல்லியிருக்கிறான். அதுவும் அந்த நூறு சட்டங்களில் ஒன்று.

இன்றைக்கும் எண்பத்திரண்டு.