உடைந்த போல்ட்டும் பேசாத அத்தையும்

டக்!

சத்தம் என்னவோ சின்னதுதான். ஆனால் அதைக் கேட்டதும் அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. போல்ட்டின் தலை மட்டும் ஸ்பேனரோடு கையில் வந்துவிட்டது. மிச்சம் கார் எஞ்சினுக்குள்ளேயே மாட்டிக்கொண்டது.

“ஐயையோ! உடைஞ்சு போச்சாப்பா?” என்று எட்டிப் பார்த்தாள் ரேடியோ.

அது அவளுடைய நிஜப் பெயர் இல்லை. வாய் ஓயாமல் பேசுவதால் தெருவே சேர்ந்து வைத்த பெயர். வயது பத்து. விடுமுறை விட்டால் போதும், அப்பாவின் கார் பட்டறையே கதி என்று கிடப்பாள்.

கார் நர்ஸம்மாவுடையது. எஞ்சினைக் குளிர வைக்கும் தண்ணீர் பம்ப்பை மாற்றுவதற்காகக் கொண்டுவந்திருந்தார். பழைய பம்ப்பின் கடைசி போல்ட் துருப்பிடித்துப்போய் இப்படிக் கழுத்தறுத்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து, ஓரமாக உட்கார்ந்திருந்த நர்ஸம்மாவின் போன் அடித்தது. “வலி வந்துடுச்சா? பயப்படாதம்மா. நான் வந்துடறேன்” என்று சொல்லி வைத்துவிட்டு எழுந்தார்.

“ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பொண்ணு. தலைப்பிரசவம். கூட அவ புருஷன் மட்டும்தான் இருக்கான். நான் மூணு மணிக்குள்ள கிளம்பியாகணும்.”

“வேற வண்டி ஏதாவது கிடைக்குமா பாருங்கம்மா” என்றார் அப்பா.

“நாலு பேரைக் கேட்டுட்டேன். அந்தக் கல்லுப் பாதைக்கு ஒருத்தரும் வர மாட்டேங்கறாங்க.”

மணி இரண்டு. உடைந்த போல்ட்டில் ஓட்டை போட்டுக் கழற்றப் பார்த்தார் அப்பா. டிரில் வழுக்கியது. இன்னொரு முறை அழுத்தினார். டிரில் முனையே உடைந்துவிட்டது.

“அப்பா, அத்தையைக் கூப்பிடலாமா?”

“வேண்டாம்” என்றார் அப்பா, வெடுக்கென்று.

அத்தை அப்பாவின் தங்கை. பக்கத்துக் கடையில் வெல்டிங் வேலை செய்பவர். போன மாதம் பட்டறைக்கு ஒரு கேட் செய்து கொடுத்தார். “எச்சில் தொட்டு ஒட்டின மாதிரி இருக்கு” என்று நாலு பேர் முன்னால் கிண்டலடித்தார் அப்பா. அத்தைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “இனிமே உன் வாசப்படியை மிதிக்க மாட்டேன்” என்று போனவர்தான். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

ரேடியோ ஒரே ஓட்டமாக அடுத்த கடைக்கு ஓடினாள். விஷயத்தை மூச்சுவிடாமல் சொன்னாள்.

“பாவம், அந்தப் பொண்ணு. ஆனா வாசப்படியை மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டேனே” என்றார் அத்தை.

“மிதிக்காதீங்க அத்தை. தாண்டி வாங்க!”

“உங்கப்பாகூடப் பேசவும் மாட்டேன்.”

“பேச வேண்டாம். அதுக்குத்தான் நான் இருக்கேனே!”

“உன் வாய் இருக்கே, வாய்!” என்றபடி அத்தை வெல்டிங் மெஷினைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார். பட்டறை வாசற்படியை ஒரே தாண்டாகத் தாண்டினார்.

“பேட்டரி வயரைக் கழட்டியாச்சான்னு உங்கப்பாகிட்ட கேளு” என்றார் அத்தை.

“அப்பா, பேட்டரி வயரைக் கழட்டியாச்சா?”

“கழட்டியாச்சுன்னு உங்க அத்தைகிட்ட சொல்லு.”

இருவருக்கும் நடுவில் மூன்றடி தூரம்கூட இல்லை. நர்ஸம்மா இவரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

உடைந்த போல்ட்டின் மேல் ஒரு புது நட்டை வைத்தார் அத்தை. நட்டின் ஓட்டைக்குள் வெல்டிங் வைத்தால் நட்டும் போல்ட்டும் ஒன்றாகிவிடும். அப்புறம் நட்டைத் திருப்பினால் போல்ட்டும் கூடவே வந்துவிடும்.

“யாரும் இந்தப் பக்கம் பாக்காதீங்க!”

எல்லோரும் திரும்பி நின்றார்கள். எதிர்ச்சுவரில் நீல வெளிச்சம் பளிச் பளிச்சென்று அடித்து நின்றது.

“ரேடியோ, சூடு ஆறட்டும், இப்பத் தொடாதேன்னு உங்கப்பாகிட்ட...” என்று ஆரம்பித்தார் அத்தை.

அத்தை பேசினால் காதில் வாங்கக்கூடாது என்று இருந்து இருந்து அப்பாவுக்கு அதுவே பழகிவிட்டது. அவர் அதற்குள் ஸ்பேனரை மாட்டிவிட்டார்.

“அப்பா, இப்பத் தொடா...”

டக்! சூடு ஆறாத வெல்டிங் விட்டுப்போய், நட்டு மட்டும் தனியாகக் கழன்று வந்தது.

நர்ஸம்மாவின் போன் மறுபடியும் அடித்தது. “அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை வலிக்குதா?” என்று கேட்டபடியே கடிகாரத்தைப் பார்த்தார்.

ரேடியோவுக்கு அழுகை முட்டியது. ‘பேச நான் இருக்கேன்னு சொன்னதே தப்பு. நான் நடுவுல நிக்கிறதாலதானே நேரம் போகுது!’

அத்தை இன்னொரு நட்டை எடுத்தார். “ரேடியோ, உங்கப்பாகிட்ட சொல்லு...”

ரேடியோ இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“என்னடி ஆச்சு?”

ஒரு கணம் கையை எடுத்தாள். “நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள நட்டு கழண்டுடுது! இனிமே ஒரு வார்த்தை பேச மாட்டேன். நீங்களே பேசிக்கோங்க!”

மறுபடியும் பொத்திக்கொண்டாள். பட்டறையில் அப்படி ஓர் அமைதி இதுவரை இருந்ததே இல்லை.

அத்தை தொண்டையைச் செருமினார்.

“அண்ணே.”

அப்பா நிமிர்ந்தார். “சொல்லும்மா.”

“நான் சொன்னப்புறம் கை வை.”

“சரி.”

மறுபடியும் நீல வெளிச்சம். மறுபடியும் புகை.

“பொறு.”

“பொறுத்தேன்.”

“சிவப்பு போகட்டும். ம்... இப்ப எண்ணெய் விடு. இப்ப ஸ்பேனரை மாட்டு. முதல்ல லேசா இறுக்கு.”

“இறுக்கணுமா? கழட்டத்தானே போறோம்!”

“துரு விடணும்ல! இத்துனூண்டு இறுக்கு, இத்துனூண்டு தளர்த்து. அவசரப்படாதே.”

அப்பா அப்படியே செய்தார். முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம். ஒன்றும் அசையவில்லை. நெற்றி வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது.

கிரீச்!

“அசையுது அண்ணே! விடாதே!”

கால் சுற்று. அரைச் சுற்று. அப்புறம் சமர்த்தாகச் சுழன்று சுழன்று, மிச்சமிருந்த போல்ட் முழுசாக வெளியே வந்து விழுந்தது.

“வந்துடுச்சு! வந்துடுச்சு!” ரேடியோ போட்ட சத்தத்தில் தெருமுனைக் கடைக்காரர்கூட எழுந்து நின்று பார்த்தார்.

அப்பா தங்கையைப் பார்த்தார். “அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாதும்மா. தப்புதான்.”

“அதெல்லாம் அப்புறம். பம்ப்பை மாட்டு, மணியாகுது!” என்றார் அத்தை. கண்ணைத் துடைத்துக்கொண்டது புகையால் மட்டும் இல்லை.

புது பம்ப் ஏறியது. புது போல்ட்டுகள் இறங்கின. பேட்டரி வயரும் மறுபடி மாட்டியாயிற்று. ரேடியோ குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்தாள். நர்ஸம்மா சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஜம்மென்று பிடித்துக்கொண்டது. மூன்று அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே கார் சிட்டாகப் பறந்தது.

அப்புறம் யாருக்கும் வேலை ஓடவில்லை. சாயங்காலம் அப்பாவின் போன் அடித்ததும் மூவரும் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள்.

“பொண்ணு! மூணு கிலோ!” என்று கத்தினார் நர்ஸம்மா. “நான் உள்ள நுழைஞ்சு பத்தே நிமிஷம்! அம்மாவும் பிள்ளையும் நல்லா இருக்காங்க!” பின்னால் ஒரு குட்டிக் குரல் வீல் வீலென்று அழுதது.

“என் வெல்டிங் மட்டும் இல்லேன்னா...” என்றார் அத்தை.

“நான் பக்குவமாத் திருப்பினதாலதான்...” என்றார் அப்பா.

“அட, நீதான் முதல் நட்டைப் பிடுங்கினே!”

“நீ சத்தமாச் சொல்லியிருக்கலாம்ல!”

ரேடியோ இடுப்பில் கை வைத்துக்கொண்டு இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

“போதும், போதும்! பிள்ளையைப் பெத்தது அந்தம்மா. நீங்க ரெண்டு பேரும் எடுத்தது ஒரே ஒரு போல்ட்டு!”