சாரலில் பிறந்த துகள்

ஐந்தருவிக்குக் கீழே, பாறை இடுக்கில், ஹபீபுல்லா அண்ணன் குப்புறக் கிடந்தார்.

"நேத்து அந்தியில பாசி வழுக்கிட்டு. சீசனுக்கு ஒருத்தன் போவான்," என்றார் எஸ்.ஐ. கடற்கரை.



உங்களிடம் மட்டும் சொல்கிறேன். எனக்குப் பதினாறு வயது. குற்றாலத்து ஆராய்ச்சிக்கூடத்தில் மைக்ராஸ்கோப் பார்க்கும் வேலை. வானத்துக் கதிர், மலையுச்சியில் வைத்த போட்டோத் தகட்டில் அணுவை மோதிச் சிதறும். சிதறல் கோடு கோடாகப் பதியும். அதில் ஒரு புதுத் துகளை முதலில் பார்த்தது, என்னோடு வேலை பார்த்த அண்ணன்.

இரண்டு வாரத்துக்கு முன் அதை லண்டன் விஞ்ஞானப் பத்திரிகைக்கு எழுதியது எங்கள் கூடத்துத் தலைவர் டாக்டர் காந்திமதிநாதன். தன் பெயரில். பேப்பரில் வந்தது; ஊருக்கே தெரியும்.

எஸ்.ஐ. ஆராய்ச்சிக்கூடத்துக்கு விசாரிக்க வந்தபோது, டாக்டர் என்னைத் தனியே தன் அறைக்குள் அழைத்தார்.

"ஏட்டி குழல்வாய்மொழி, அவன் உங்கிட்ட ஏதும் சொன்னானா?"

"இல்ல சார். நீங்க நேத்து..."

"மதுரையில இருந்தேன். இன்னிக்குக் காலையிலதான் வாரேன். எஸ்.ஐ.ட்டயும் அதான் சொன்னேன். போலீஸ்ட்ட வாயத் தொறந்த... உனக்கும் அருவியில குளிக்க ஆசையா?"



வெளியே கடற்கரை தொப்பியை மாட்டிக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு நிமிடம்... அண்ணன் சாவு வெறும் பாசியாகிவிடும்.

வெளியே ஓடி, தாவணிக்குள்ளிருந்து என் நோட்டை எடுத்தேன்.

"ஐயா, இதப் பாருங்க. இங்கன மைக்ராஸ்கோப்புல கண்ணு வச்சவுக, நேரம் போட்டுக் கையெழுத்துப் போடாம எந்திரிக்கக் கூடாது. சார் போட்ட சட்டம். அண்ணன் நோட்டுல நேத்துப் பக்கத்தக் காணல. கிழிச்சிருக்கு. இது என் மைக்ராஸ்கோப்பு நோட்டு. நான் மூணரைக்கே வீட்டுக்குப் போயிட்டேன். அதுக்குப் பெறவு அதுல கண்ணு வச்சது யாருன்னு பாருங்க."

கடற்கரை படித்தார்.

"நேத்து சாயங்காலம் நாலு பத்து. காந்திமதிநாதன்... மதுரையில இருந்துக்கிட்டே இங்கன கையெழுத்தா? நல்ல நீளமான கைதான் சார்."

பின்னாலேயே வந்த டாக்டர் நோட்டைப் பறிக்கக் கை நீட்டினார்.

"பழக்கம்... கை தானாப் போட்டுட்டு..."

"துகள் யாரு பேருலன்னு சண்டையோ?"

"இல்லய்யா," என்றேன். "மேல வாசிங்க."

"'தகடு சாரல் ஈரத்தில் ஊறி, கோடுகள் மாறித் தெரிந்திருக்கின்றன. உலர்த்தி அளந்தேன். இது ஏற்கெனவே அறிந்த பழைய துகளே.' அப்படின்னா?"

"புதுத் துகளே கெடையாதுய்யா. லண்டனுக்குத் திருத்தி எழுதணும்னு அண்ணன் சொல்லியிருக்கும். எழுதினா சார் பேரு கெட்டுப்போகுமே."

கடற்கரை நோட்டை மூடினார்.

"இல்லாத ஒண்ணுக்கா ஒரு உசுரு... ஆமா, இந்தத் துகளுக்கெல்லாம் ஆயுசு எம்புட்டும்மா?"

"நொடியில கோடியில ஒரு பங்குகூட இருக்காதுய்யா."

அவர் விலங்கை எடுத்தார்.

"சாருது ரெண்டு வாரம் இருந்துருக்கு. கெட்டி ஆயுசுதான்."