அம்மியைச் சுற்றிய கோழிகள்

குருணையை அள்ளி வீசியும் கோழிகள் குனியவில்லை. பஞ்சாரத்தைத் தூக்கியதும், வந்த நாள் முதல் அதற்குள் அடைபட்டே கிடந்தவை பாய்ந்து வந்து கொத்தும் என்றுதான் செல்வமணி நினைத்தாள். நாலு கோழியும் கழுத்தை நீட்டி அவளுக்கு இடப்பக்கமாக அண்ணாந்து பார்த்தன. தீனி போட நிற்கிற ஆளின் கை இருக்கும் உயரத்தை.

அங்கே யாரும் இல்லை. மதிலுக்கு அப்பால் கழக்கூட்டம் ஹைவேயில் கம்பெனி பஸ்கள் இரைந்துகொண்டு போயின.

புதுக்கோழியைத் திறந்துவிட ஒரு பக்குவம் உண்டு. சங்கரன்கோவில் பக்கத்தில் பிறந்தவளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டாம். எடுத்த எடுப்பில் விட்டால் பழைய வீட்டுக்கு ஓடும், இல்லையென்றால் தெருநாய்க்கு இரையாகும். சில நாள் பஞ்சாரத்தில் கவிழ்த்துவைத்து, பசியோடு, பொழுது சாய்கிற நேரம் பார்த்துத் திறக்க வேண்டும். தூரம் போகாது, இருட்டுமுன் அடைய வந்துவிடும். அதற்கும் முன்னால், கொண்டுவந்த அன்றே காலில் துணி கட்டி, அம்மியை மூன்று சுற்று சுற்றி எடுத்து, 'இதுதான் உன் வீடு, உனக்கு வேற வீடு கிடையாது' என்று சொல்லிவிட வேண்டும். செல்வமணி எல்லாம் செய்தாள். கோழி அவளுடையது இல்லை என்பது ஒன்றுதான் குறை.

அடுத்த வீட்டு சுசீலாபாயின் கோழிகள் அவை. பாறசாலைக்காரி. புருஷன் போய், பிள்ளையும் இல்லாமல் தனியாகக் கிடந்தவள். வலது கையும் காலும் இழுத்துக்கொள்ள, ஆஸ்பத்திரிக்கு ஏற்றும்போது கோணிய வாயால் சொன்னாள்.

"நான் வாறது வரைக்கும் கோழியளப் பாத்துக்கோ மக்களே. கூட்டுலயே கிடக்கட்டு."

"நீங்க போய்ட்டு வாங்கக்கா. நான் பாத்துக்கிடுதேன்."

அன்று சாயங்காலமே நாலையும் தன் கொல்லைக்குத் தூக்கிவந்துவிட்டாள். சுசீலாபாய் இனி எங்கே திரும்பப்போகிறாள் என்று தோன்றியது. தோன்றியது என்ன, திரும்பாவிட்டால் நல்லது என்றே ஒரு நிமிஷம் நினைத்தாள். காலில் கட்டத் துணி தேடியபோது, அந்த வீட்டுக் கூட்டின்மேல் காய்ந்துகொண்டிருந்த சுசீலாபாயின் நைட்டி கைக்கு அகப்பட்டது. நீலப்பூப் போட்டது. அதன் ஓரத்தைக் கிழித்துத்தான் கட்டினாள். அதன்பிறகு சோறு ஒழுங்காக இறங்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்.

போன் அடித்தது. சுசீலாபாயின் அண்ணன் மகள் ஷிஜா.

"சேச்சி, மாமி போயிட்டாங்க. இன்னைக்கு உச்சைக்கு, பன்னெண்டரைக்கு."

"ஐயோ, ஷிஜா…"

"வீட்டுக்குப் போணும், வீட்டுக்குப் போணும்னே கடைசி வரை சொல்லிட்டு இருந்தாங்க. கோழியள நீங்களே வச்சுக்கிடுங்க சேச்சி. மாமி உங்களைத்தான் நம்பினாங்க."

செல்வமணிக்கு அறை வாங்கியதுபோல் கன்னம் சுட்டது. போனை மடியில் செருகிக்கொண்டு நிமிர்ந்தபோது அந்த வாடை வந்தது. கோழி எச்சமும் நனைந்த தேங்காய்த் தொண்டும் நாறுகிற கொல்லையில், சுசீலாபாய் முட்டிவலிக்கு இரண்டு வேளையும் தேய்க்கிற தைலத்தின் வாடை, இப்போதுதான் தேய்த்ததுபோலச் சூடாக.

கோழிகள் நகர்ந்தன. மதில் பக்கம் போகவில்லை, மேயவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக அம்மியைச் சுற்றி நடந்தன. அவள் சுற்றிய அதே பக்கமாக.

"பா… பா… பா…"

யாரோ மெல்லக் கூப்பிட்டார்கள். வாய் கோணிய குரல்.

துணி! அவள் உடுத்திய துணியைக் கட்டியல்லவா சுற்றினோம். யாருக்கு வீடு இல்லை என்று சொன்னோம்? செல்வமணி அடுக்களைக்குள் ஓடிக் கத்தியை எடுத்துவந்தாள். முடிச்சை அறுத்துவிட்டால் போதும். கோழிகளை அவள் கூட்டிலேயே கொண்டுபோய் விட்டுவிடலாம். முதல் கோழியைப் பிடித்தாள். காலில் துணி இல்லை. அடுத்ததைப் பிடித்தாள். இல்லை. எந்தக் காலிலும் இல்லை.

சரக்.

அம்மிக்கு அந்தப் பக்கம். ஒரு காலை இழுத்து வைக்கிற சத்தம்.

சரக்.

"அக்கா…" பிடித்த கோழியை இறக்கிவிட்டாள் செல்வமணி. "தப்புத்தான்க்கா. உங்க கோழிய நீங்களே எடுத்துக்கிடுங்க. உங்க வீட்டுக்குப் போங்கக்கா."

"எனக்கு வேற வீடு கிடையாதுல்லா மக்களே."

கோழிகள் பஞ்சாரத்துக்குள் போய் அடைந்தன. வெளிச்சம் தரையோடு தரையாகக் குறைந்தது. செல்வமணி கத்தியைக் கீழே விட்டாள்.

அம்மியைச் சுற்றி வந்தது ஒரு கால். வீங்கிய, இழுபடுகிற வலது கால். கணுக்காலில் நீலப்பூத் துணி. செல்வமணி போட்ட அதே இரட்டை முடிச்சு. மூன்றாவது சுற்று முடிந்து, அது அடுக்களைப் படியில் ஏறியது.