இடது பக்கம்

வெங்கிடராமனின் தட்டு காலியாகத்தான் இருந்தது. சீதாலக்ஷ்மி வந்து அதைத் திருப்பி வைத்ததும் பாதி தோசை முளைத்தது.

"ஏன்னா, இடது பக்கத்தை அப்படியே விட்டுட்டேளே," என்றாள்.

அவருக்குச் சுருக்கென்றது. பக்கவாதம் வந்தபோது எடுத்த மூளைப் படத்தைக் காட்டி டாக்டர் தன்யா எச்சரித்தது இதைத்தான். கண்ணுக்குக் கேடில்லை, ஆனால் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே புத்திக்கு எட்டாமல் போகலாம். எதையாவது காணோமென்றால் வலப்பக்கமாகவே ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள், அகப்பட்டுவிடும் என்றும் சொல்லியிருந்தாள். படம் பார்த்து ஜோசியம் சொல்கிறாள் என்று ஆஸ்பத்திரி முழுக்க நக்கலடித்தவர் அவர். அதைப் பொய்யாக்கியே தீருவதென்று வீம்பாகத்தான் வீடு திரும்பினார்.

மச்சுப்படி செங்குத்து, மனிதர் உருண்டுவிடுவார் என்று சீதாலக்ஷ்மி அறைக் கதவை உள்ளே தாழிட்டாள். காலையிலிருந்து தலையைச் சுற்றுகிறது என்று சொல்லிக்கொண்டே, வழக்கம்போல அவருடைய சக்கர நாற்காலியருகே தரையில் உட்கார்ந்து அவருடைய மரத்துப்போன இடது கையில் தைலம் தேய்க்க ஆரம்பித்தாள். மழை பிடித்துக்கொண்டது. கீழே கிடங்கிலிருந்து சுக்கும் ஈரச் சாக்கும் கலந்த நெடி பலகை இடுக்கு வழியாக மெல்ல ஏறி வர, அவர் கண்ணசந்தார்.

விழித்தபோது வெளிச்சம் மங்கியிருந்தது. அவள் இல்லை. கதவும் இல்லை.

சன்னல், அலமாரி, சுவர். அவ்வளவுதான் அறை.

"சீதே, எங்க போனே?"

எங்கிருந்தோ ஒரு முனகல் வந்தது. கிடங்கில் பூனையாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை, பஜாரில் கூப்பிட்டால் கேட்க ஆளில்லை. தன்னை இப்படி அடைத்துவிட்டுப் போய்விட்டாளே என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் இல்லாமல் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்க முடியாதே என்ற பயமும் கூடவே வந்தது.

டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. வலது காலை ஊன்றிச் சக்கர நாற்காலியை வலப்பக்கம் திருப்பினார். என்றுமில்லாமல் கனத்தது. எதுவோ கூடவே இழுபட்டது. நிறுத்தினார். அதுவும் நின்றது. மறுபடி திருப்பினார். பலகைத் தரையில் சரசரவென்று உடன் வந்தது.

அலமாரி போயிற்று. சுவர் போயிற்று. கதவு வந்தது.

உள்தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது.

அப்படியானால் அவள் வெளியே போகவில்லை. இன்னொரு சுற்று சுற்றினார். சன்னல் வந்தது. அலமாரி வந்தது. கதவு வந்தது. அவள் மட்டும் வரவில்லை. அந்தச் சரசரப்பு மட்டும் வந்தது.

முனகியது பூனை இல்லை.

வலது கையால் தன் இடது தோளைத் தொட்டார். கீழே தடவிக்கொண்டே போனார். முழங்கை. மணிக்கட்டு. தைலப் பிசுக்கு. தன் விரல்கள்.

அவற்றுக்கு நடுவே வேறு விரல்கள். கண்ணாடி வளையல்.

"சீதே."

குனிந்து பார்த்தார். அங்கே ஒன்றுமே இல்லை.

அந்த விரல்கள் இறுகின.