வயரை இழுத்த பிறகும்

அந்தக் கோப்புறைக்குள் எதுவும் இருந்திருக்கக் கூடாது.

காலையில் குலசிங்கம் கணினியைப் போட்டதும் வழக்கம்போலக் கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் ஓடின. வன்தட்டின் பகுதிகள் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் பொருந்தியதென்று லினக்ஸ் சொல்லிக்கொண்டே போனது. ஒலிப்பதிவுகள் முதலில் வந்து விழும் தற்காலிகக் கோப்புறைக்கு மட்டும் வன்தட்டில் இடமில்லை. கணினி விழிக்கும் ஒவ்வொரு முறையும் அது நினைவகத்துக்குள்ளேயே புதிதாய், வெறுமையாய்ப் பிறக்கும்; மின்சாரம் நின்றால் உள்ளே இருந்ததெல்லாம் போய்விடும். அவன்தான் அதை அப்படி அமைத்திருந்தான். திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகும் வீதியில், இராணுவச் சோதனைச் சாவடிக்கு எதிர்மாடியில், காணாமல் போனவர்களின் உறவினர் சொல்வதைப் பதிவுசெய்கிற சின்ன அலுவலகம் அது. யாரும் தேடி வந்தால் வயரை இழுத்தால் போதும். ஒன்றும் மிஞ்சாது.

இன்று ஒன்று மிஞ்சியிருந்தது. 'இராசமலர்' என்று பெயரிட்ட ஒலிக்கோப்பு.

சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து முகாமில் இருந்த அந்த அம்மா போன கிழமை மழையில் நனைந்த சேலையோடு வந்தா. மகனை ஏற்றிக்கொண்டு போன வாகனத்தின் நிறம், ஏற்றியவனின் முகம், மகன் கடைசியாய்த் திரும்பிப் பார்த்த விதம் எல்லாவற்றையும் விம்மி விம்மிச் சொன்னா.

"தம்பி, இன்னொருக்கா இதைச் சொல்ல எனக்கு ஏலாது. கவனமா வைச்சிருப்பீங்களோ?"

"ஓம் அம்மா. அது என்ர பொறுப்பு."

அவ போனதும், கொழும்புக்கு அனுப்பவென்று பதிவைச் சிடி இறுவட்டில் எழுத எழுந்தான். படிக்கட்டில் கனத்த காலடிகள் கேட்டன. யோசிக்கவேயில்லை, வயரை இழுத்தான். கதவைத் தள்ளிக்கொண்டு வந்தது தண்ணீர்ப் போத்தல் சுமந்த கடைக்காரர். அவவின் பதிவு அதற்குள் அழிந்து போயிருந்தது.

பின்னேரம், கூட வேலைசெய்யும் மூதூர் றுக்கியா கேட்டாள். "அண்ணன், சம்பூர் அம்மாட பதிவு கொழும்புக்குப் போயிட்டா?"

"ஓம், போட்டுது."

அந்தப் பொய்யைச் சொன்ன கணத்திலிருந்து அவனால் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வந்தது இராணுவமாக இருந்திருந்தால் ஒரு நியாயமாவது மிஞ்சியிருக்கும் என்று நினைத்தான். நினைத்ததற்காகவும் கூசினான்.

இப்போது திரையில் அவவின் பெயர். அழித்தான். கணினியை நிறுத்தி மறுபடி போட்டான். வரிகள் ஓடின. கோப்பு இருந்தது, முன்னைவிடப் பெரிதாக. சன்னலுக்கு வெளியே கருவாட்டு வாடையோடு கடற்காற்று வீசியது, சாவடியில் யாரையோ அதட்டும் சத்தம் கேட்டது, அறைக்குள்ளோ ஈரச் சேலையின் மணம். அதை ஓடவிட்டான்.

இராசமலரின் விம்மல். அவவின் கதை. பிறகு அவன் எழும்பக் கதிரை நகரும் சத்தம். படிக்கட்டில் காலடிகள். வயர் பிடுங்கப்படும் 'டக்'.

பதிவு அங்கே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை.

றுக்கியாவின் கேள்வி ஒலித்தது. பிறகு அவனுடைய குரல், தெளிவாக, கூச்சமில்லாமல்: "ஓம், போட்டுது."

மறுபடி. "ஓம், போட்டுது."

மறுபடி.

வயரை இழுத்தான். திரை இருண்டது. பெட்டிக்குள்ளிருந்த ஒலிபெருக்கியின் இரைச்சல் மட்டும் அடங்கவில்லை. பெட்டியைத் திறந்து நினைவகப் பட்டையை உருவினான். உள்ளங்கையில் அது காய்ச்சல்காரரின் நெற்றிபோலச் சுட்டது. இரைச்சல் நிற்கவில்லை. யாரோ பேசுவதற்கு முன் மூச்செடுப்பதுபோல.

கதவு திறந்தது. இராசமலரின் கையைப் பிடித்தபடி றுக்கியா நின்றாள்.

"அண்ணன், அண்டைக்கு இங்க வந்திட்டுப் போனதிலயிருந்து அம்மாவுக்குக் குரலே வருகுதில்லயாம். ஆசுபத்திரியிலயும் ஒண்டும் பிடிபடேல்லயாம். உங்களத்தான் பாக்கோணும் எண்டு சைகையில காட்டுறா."

சொல்லிவிட வேண்டும். இப்போதே. வெட்கம் விடவில்லை. பட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

இராசமலர் அவனைப் பார்த்தா. கோபமில்லை. மெல்ல வாயைத் திறந்தா. உதடுகள் அசைந்தன. சத்தமில்லை.

அவனுக்குப் பின்னால், மின்சாரமில்லாத, நினைவகமில்லாத பெட்டியிலிருந்து, அந்த உதடுகளோடு ஒட்டி ஒட்டி, குரல் வந்தது.

"தம்பி... இஞ்ச சரியான இருட்டு. என்ர பிள்ளையும் இஞ்சதான் நிக்கிறான்."

றுக்கியா அலறினாள்.

இராசமலரின் உதடுகள் மூடிக்கொண்டன. குரல் நிற்கவில்லை.